களிமண் துரியோதனனும் கரையேறிய நந்தியும்

மேட்டூர் அணையில் தண்ணீர் நூறு அடிக்கு மேல் நிற்கிற மாதத்தில் பண்ணவாடிக்குப் போனால் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அகன்ற நீர்ப்பரப்பு, அக்கரையில் தர்மபுரி மாவட்டத்து நாகமரை, நடுவே பரிசல். மட்டம் எழுபது, எண்பது அடி வாக்குக்கு இறங்கும்போதுதான் அந்தத் துறைக்கு வேறொரு முகம் வரும். பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் முதலில் தலைகாட்டும். இன்னும் வடிந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி. தலையும் திமிலும் ஒரு வாரம், முதுகு இன்னொரு வாரம் என்று தவணை தவணையாக வெளியே வந்து, கடைசியில் காய்ந்து வெடித்த சேற்றின் நடுவில் முழு உடம்போடு உட்கார்ந்திருக்கும்.

நான் போனபோது கால் நனையாமல் நந்தி வரைக்கும் நடந்து போக முடிந்தது. கிட்டத்தில் பார்த்தால் அதன் மேல் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் ஒரு நிறம். நீர் வடிய வடிய விட்டுப்போன கோடுகள். வண்டல் சாம்பல், பாசி காய்ந்த பழுப்பு, சுண்ணாம்பு வெளுப்பு. காதோரம் சின்ன நத்தை ஓடுகள் ஒட்டியிருந்தன. கழுத்துக்குக் கீழே அறுந்த மீன்வலை ஒரு முழம் தொங்கியது. யாரோ அன்று காலையில்தான் நெற்றியில் பட்டையாக விபூதி பூசி, ஒரு செவ்வந்திச் சரம் போட்டிருந்தார்கள். வண்டலும் நத்தையும் வலையும் விபூதியும் சேர்ந்து, எந்தச் சிற்பியும் திட்டம் போட்டுச் செய்துவிட முடியாத ஒரு உருவம்.

காவிரியே பெரிய கலைஞன் என்று இந்த இடத்தில் எழுதிவிடுவது சுலபம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அங்கே தெரிவதில் ஆற்றின் கைவேலையைவிட மனிதர்களின் கணக்குதான் அதிகம். 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை அது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு மட்டம் 120 அடி. கரையோரத்துக் கிராமங்கள் மேட்டுக்கு எழும்பிப் போயின. கட்டடங்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே; கோயிலும் தேவாலயமும் அடியில் தங்கிவிட்டன. அன்றிலிருந்து நந்தி எப்போது வெளியே வரவேண்டும் என்பதைத் தஞ்சாவூர்க் குறுவையும், குடகு மலை மழையும், கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் மதகுகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. வழக்கமாக ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறப்பார்கள். மேலே மழை பொய்த்தால் அந்தத் தேதியும் தள்ளிப்போகும். நந்தி வெயிலில் கிடக்கிற காலமும் நீளும். 2024 ஜூலை தொடக்கத்தில் நாற்பது அடி அளவில் கிடந்த நீர்மட்டம், கர்நாடகத்தில் கொட்டிய மழையால் அந்த மாதம் முடிவதற்குள் 120 அடியைத் தொட்டது. நந்தியின் காலடியில் நின்று படம் எடுத்தவர்கள் அடுத்த மாதம் வந்திருந்தால் அதே இடத்துக்கு மேலே பரிசலில்தான் போயிருப்பார்கள்.

வடிந்த நிலம் சும்மா கிடப்பதில்லை. ஈரம் இருக்கும்போதே கம்பு, சோளம், எள், நிலக்கடலை என்று கைக்கு வந்ததை விதைத்துவிடுகிறார்கள். முன்னொரு காலத்தில் தாத்தாவின் தாத்தா உழுத நிலமாகவே அது இருக்கக்கூடும். தண்ணீர் முந்திக்கொண்டால் பயிர் முழுகும், முந்தாவிட்டால் அறுவடை. ஆட்டுக்காரர்களுக்கு அது மேய்ச்சல் காடு. விடுமுறை நாளில் ஒரு பஜ்ஜிக் கடையும் முளைத்துவிடுகிறது. பரிசல் ஓட்டுபவர் ஒருவரிடம், நந்தி வெளியே வந்தால் உங்களுக்குச் சவாரி கூடுமா என்று கேட்டேன். “எங்கீங்க கூடறது? தண்ணி எறங்குனா தொற தள்ளிப் போயிருதுங்க. சேத்துல அத்தன தூரம் நடந்து வரோணும். நந்தியப் பாக்க வர்ற சனம் பாத்துட்டுப் போயிருது, பரிசல் ஏறறதில்லீங்க” என்றார்.

இந்தப் பக்கம் நான் கிளம்பி வந்தது ஒரு ஜப்பானியக் கேள்வியோடு. நீகாட்டா மாகாணத்தில் எச்சிகோ-த்சுமாரி என்றொரு மலைநாடு. பனி ஆளுயரத்துக்கு மேல் விழும் ஊர்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, வீடுகள் பூட்டிக் கிடந்தன, பள்ளிகள் மூடின. ஃபுராம் கிடகாவா என்பவர் 2000-இல் அங்கே மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைத் திருவிழாவைத் தொடங்கினார். கிட்டத்தட்ட 760 சதுர கிலோமீட்டரில் வயல், காடு, பாழ்வீடு, பழைய பள்ளி எங்கும் கலைப் படைப்புகள். ஒரு பழைய வீட்டின் சுவர், தரை, தூண், உத்தரம் ஒன்று விடாமல் உளியால் கொத்தி, வீடே தோலுரிந்ததுபோல ஆக்கினார்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கியும் ஒளியமைப்பாளர் ழான் கால்மனும் 2006-இல் ஒரு மூடிய தொடக்கப்பள்ளியை எடுத்துக்கொண்டு, இருண்ட வகுப்பறைகளில் மங்கிய விளக்குகளும் மின்விசிறிகளும் வைத்து, போய்விட்ட பிள்ளைகளை அங்கே உணரும்படி செய்தார்கள். உள்ளூர்க்காரர்கள் முதலில் இதையெல்லாம் எதிர்த்தார்கள் என்பதும், கிடகாவா பல ஆண்டுகள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசித்தான் சம்மதம் வாங்கினார் என்பதும் அந்தத் திருவிழாவின் கதையில் முக்கியமான பகுதி. நம் பக்கத்தில் கொச்சி பியன்னாலே 2012 டிசம்பர் 12-இல் தொடங்கியபோது, ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கிடங்குகளுக்குள் அதே மாதிரி உயிர் வந்தது. ஆனால் கொச்சி துறைமுக நகரம். சேலம், நாமக்கல் சமவெளி மாதிரி வறண்ட, வேலை மும்முரமான நாட்டுப்புறத்தில் பாழான கட்டடங்களுக்கு யார் என்ன செய்கிறார்கள்? இதுதான் நான் கொண்டுவந்த கேள்வி.

பாழான கட்டடத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. மேச்சேரியிலிருந்து ஜலகண்டபுரம், எடப்பாடி வழியாகச் சங்ககிரிக்கு வரும் சாலையில் வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஒரு பழைய கிணறு கிடைக்கும். கிணறு என்றதும் உறைக்கிணறு என்று நினைத்துவிடக் கூடாது. பாறையை வெட்டி இறக்கிய, ஒரு வீட்டை அப்படியே உள்ளே வைத்துவிடக்கூடிய சதுரக் குழிகள். ஒரு பக்கம் கல்லில் நீட்டிய படிகள். இன்னொரு பக்கம் கவலை இறைத்த காலத்தின் கல் தூண்கள். நான் இறங்கிப் பார்த்த கிணற்றில் விளிம்புக் கல்லில் வடக்கயிறு உரசி உரசி விரல் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இரண்டு மூன்று தலைமுறை மாடுகள் சரிவில் இறங்கி ஏறி, சால் சாலாகத் தண்ணீர் மேலே வந்ததற்கு அந்தப் பள்ளம் ஒன்றே மிச்சம். உள்ளே கருவேலம் முளைத்திருந்தது. அதன் உச்சி தரைமட்டத்துக்குக் கீழேதான் இருந்தது. குருவிக்கூடுகளை மேலிருந்து குனிந்து பார்த்தேன்.

கவலையை மின்மோட்டார் ஓரம்கட்டியது. மோட்டார் கிணற்றை ஆழ்துளைக் கிணறு ஓரம்கட்டியது. இதில் ஒரு விசேஷம், இந்தியா முழுக்க ஆழ்துளை போடும் ரிக் வண்டிகளில் பெரும்பங்கு இங்கே பக்கத்தில் இருக்கும் திருச்செங்கோட்டுக்காரர்களுடையது. ராஜஸ்தானிலும் ஒடிசாவிலும் துளை போட்டுக்கொண்டிருக்கும் வண்டியின் கதவில் திருச்செங்கோட்டு முகவரியைப் பார்க்கலாம். சொந்த ஊர்க் கிணறுகளைக் காயவைத்த தொழில்தான் அந்த ஊரைத் தூக்கியும் விட்டது. குறை சொல்லி என்ன பயன்? மழை குறைந்த மண்ணில் பிழைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஒரு எச்சிகோ-த்சுமாரிக் கலைஞருக்கு இந்தக் கிணறுகளைப் பார்த்தால் நாக்கில் நீர் ஊறும். எனக்கும் ஊறியது. உள்ளே ஒரு விளக்கு, நான்கு பக்கமும் கயிறு, சரிவின் மேல் பழைய சால் ஒன்று என்று மனதுக்குள் படம் போட்டுக்கொண்டே, பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கிணறு யாருடையது என்று விசாரித்தேன். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றும் அளவுக்குப் பதில் நீண்டது. கிணற்றில் நான்கு பங்கு. ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்தது. அதில் ஒருவர் தன் காட்டை விற்றபோது கிணற்றுப் பங்கையும் சேர்த்து எழுதினாரா இல்லையா என்பதில் வழக்கு. “தண்ணி இல்லாட்டி என்னங்க, பங்கு இருக்குதில்லீங்க” என்றார். இந்தப் பக்கத்துப் பத்திரங்களைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலம் விற்கும்போது பொதுக் கிணற்றுப் பாத்தியம், மாமூல் தடப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம் எல்லாம் வரிசையாக வரும். கிணறு வற்றி முப்பது வருடம் ஆகியிருக்கும். எழுத்தில் அது இன்னும் பாய்ந்துகொண்டிருக்கும்.

நாம் பாழ் என்று நினைக்கிற கட்டடம் எதுவும் இங்கே ஆளில்லாதது இல்லை. கிணற்றுக்குப் பங்காளிகள் உண்டு. ஓடு சரிந்த வீட்டுக்குப் பாகப்பிரிவினை வழக்கு உண்டு. நீருக்கடியில் கிடக்கும் கோயிலுக்குச் சாமி உண்டு. அந்தச் சாமிக்கு மேட்டில் ஏறிப் போன குடிகள் உண்டு. ஜப்பானில் ஊரே காலியானதால் வீடு கலைக்குக் கிடைத்தது. இங்கே ஊர் காலியாகவில்லை. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டவும், கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. பாழும் புழக்கமும் ஒரே வேலிக்குள் கிடக்கின்றன.

கோட்டைகளின் நிலைமை வேறு. சங்ககிரி மலைக்கோட்டையும் நாமக்கல் கோட்டையும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன. ஒரு ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. 1805-இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் சங்ககிரி. ஆடிப் பதினெட்டன்று அவருக்கு மாலை போட வரும் கூட்டத்தை வரவேற்க, அடிவாரத்துச் சாலைகளில் இரவோடு இரவாகச் சவுக்குக் கம்பு நட்டு ஃப்ளெக்ஸ் வளைவுகள் எழும்பும். முகங்கள், கூப்பிய கைகள், வாள், குதிரை. மறுநாள் கழற்றிய ஃப்ளெக்ஸ் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையாகவோ, நெல் காயவைக்கும் விரிப்பாகவோ போய்ச் சேரும். பழைய கோட்டைக்கு எதிரில் ஒரு நாள் நின்று பிரிந்துபோகிற புதுக்கோட்டை என்று வேண்டுமானால் அதைச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அச்சு எந்திரத்திலிருந்து உருவி எடுத்த ஒரே முகம் ஊரெல்லாம் தொங்குவதில் கைவேலை என்று ஒன்றும் இல்லை.

கைவேலையைப் பார்க்க நான் கிழக்கே போனேன். ஆத்தூர் தாண்டிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் போகப்போகத் திரௌபதி அம்மன் கோயில்கள் அடர்த்தியாக வரும். கோயில்கள் பெரும்பாலும் சின்னவை. வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை. முன்னால் ஒரு பொட்டல், ஒரு வேம்பு, ஆடு படுக்கும் நிழல். பங்குனியிலிருந்து வைகாசிக்குள் ஒருநாள் கொடியேறியதும் அந்தப் பொட்டல் அத்தினாபுரம் ஆகிவிடும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நடுவில் ஒருநாள் அர்ச்சுனன் தபசு. நெடுநெடுவென்ற ஒரு மரத்தை நட்டு, ஏணிப்படி கட்டி, உச்சியில் பரண் வைப்பார்கள். அர்ச்சுனன் வேடக்காரர் விடிய விடியப் பாடிக்கொண்டே படி படியாக ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் பழமும் விபூதியும் வீசுவார். குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். வானத்துக்குச் சும்மா நீட்டிய ஒரு கம்பத்தைக் கயிலாயமாக்க அந்தப் பாட்டு ஒன்று போதும்.

கடைசி நாள் படுகளம். அதற்கு முந்தின பின்னேரமே மண் வேலை தொடங்கிவிட்டது. ஏரி மண்ணை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து பேர் மிதித்துக் குழைத்தார்கள். ஒருவர் மட்டும் கையில் குச்சியோடு நடந்து தரையில் கோடு இழுத்தார். தலை இங்கே, இடுப்பு இங்கே, பாதம் அந்த வேப்பமரத்தடியில். தலையிலிருந்து கால் வரை நாற்பது அடிக்குக் குறையாத துரியோதனன், மல்லாந்து. மண்ணை அள்ளி அள்ளி வைத்து மார்பு எழும்பியது. ஈரச்சாக்கால் நீவி நீவி வழவழப்பாக்கினார்கள். இருட்டியதும் ஒரு ட்யூப் லைட்டைக் கம்பில் கட்டி முகத்துக்கு நேராகப் பிடித்தார்கள். கிரீடம், காதில் குண்டலம், கரியும் எண்ணெயும் குழைத்த மீசை. கண்ணை மட்டும் அந்தக் கோடு இழுத்தவர் வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒரு பையன் புருவத்தை நெரித்த மாதிரி வளைத்துவிட்டான். அவர் அதை விரலால் அழித்துவிட்டு நேராக்கினார். “மூஞ்சி கடுப்பா இருக்கக் கூடாது தம்பி. சாவப்போறவன்தான், ஆனா ராசா” என்றார். தொடைக்குள் ஒரு குழி பறித்து, குங்குமம் கரைத்த செந்நீர்க் கலயத்தை வைத்து மேலே மெல்லிசாக மண் பூசி மூடினார்கள்.

இரவு முழுக்கப் பதினெட்டாம் போர். விடிகிற நேரத்தில் கூத்து பந்தலை விட்டு இறங்கிப் பொட்டலுக்கு வந்துவிட்டது. பீமனும் துரியோதனனும் கிரீடமும் புஜக்கட்டையும் சரசரக்க, அந்த மண் உடம்பைச் சுற்றியும் அதன் மேலேயும் ஓடினார்கள். முகவீணை கிறீச்சிட்டது. ஆளான துரியோதனன் மண்ணான துரியோதனனின் மார்பில் ஏறி நின்று வசனம் பேசியபோது எந்த உடம்பு யாருடையது என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பீமனின் கதை தொடையில் இறங்கியது. கலயம் உடைந்து சிவப்பு வழிந்தது. அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலில் தடவி முடிந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து குலவை. சில ஊர்களில் காந்தாரி துடைப்பத்தோடு வந்து மாரடித்து அழுவதும் உண்டு. நான் பார்த்த ஊரில் அந்த அழுகையைக் கூத்துக்காரர் ஒருவரே அழுதார். சுற்றி நின்றவர்களில் உண்மையாகவே கண் துடைத்தவர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். முடிச்சு போட்ட மறுநிமிடம் கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. ஆளுக்கு ஒரு பிடி மண். முந்தானையில், துண்டில், சிறுவர்கள் சட்டைப் பையில். குதிரில் போட்டால் தானியம் குறையாது, தொழுவத்தில் போட்டால் மாட்டுக்கு நோய் அண்டாது, விதைப்பில் தூவினால் விளையும். இரவெல்லாம் ட்யூப் லைட் வெளிச்சத்தில் நீவிய அந்த முகத்தில் நூறு பேரின் கால்தடம். கோடு இழுத்த மனிதரைத் தேடினேன். அவரும் ஒரு பிடி எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டிருந்தார். சாயங்காலம் தீமிதி. ஊர்க் கண் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மிஞ்சிய மேட்டை மழை பார்த்துக்கொள்ளும்.

ஆல்ஃப் ஹில்ட்பெய்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இலும் 1991-இலும் இரண்டு பெருந்தொகுதிகள் வெளியிட்டார். செஞ்சி வட்டாரம்தான் இந்த வழிபாட்டின் கருப்பகுதி என்பது அவர் முடிவு. சேலம் மாவட்டத்துக் கிழக்குச் சமவெளி அதன் மேற்கு விளிம்பு. விளிம்பில் இருப்பதால் இங்கே படுகளம் சோடை போய்விடவில்லை. கூத்துக்கும் இந்தச் சமவெளியில் தனிவேர் உண்டு. மேட்டூர் வட்டம் ஏர்வாடியிலிருந்து ‘மணல்வீடு’ இதழை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலைஞர்களையும் பாவைக்கூத்துக் கலைஞர்களையும் மேடையேற்றி மரியாதை செய்வதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டவர். படுகளத்து மண்ணைப் போலக் கூத்தாடியையும் ஊர் காலில் மிதித்துவிடக் கூடாது என்ற கவலை அந்த வேலையில் இருக்கிறது.

இந்த மண் உருவத்துக்குப் பணம் யார் கொடுத்தது? தலைக்கட்டு வரி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் போடுவார்கள். வெளியூரில் வேலைக்குப் போனவரும் அனுப்பியாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் பரிவட்டத்தின்போது பேச்சு வரும். டிராக்டர் ஒருவர் தருவார், டீசல் இன்னொருவர். ஏரியில் மண் எடுக்க யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஊருக்குத் தெரியும். பொட்டல் யாருக்கும் பங்கில்லாத பொது. எச்சிகோ-த்சுமாரியில் பல ஆண்டுப் பேச்சுவார்த்தையில் கிடகாவா சம்பாதித்த சம்மதம் இங்கே நோட்டுப் புத்தகத்தில் வரி வசூலாகவே எழுதப்பட்டிருக்கிறது. வரி கட்டினவனுக்கு அந்த மண்ணில் ஒரு பிடி எடுக்க உரிமை உண்டு. கண்காட்சிக் கூடங்களில் ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்த பலகைகளை நினைத்துக்கொண்டேன். தலைக்கட்டு வரி முறையில் எல்லாருக்கும் ஒரே இடம் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாரிடம் வரி வாங்குவது, யாரிடம் வாங்காமல் ஒதுக்குவது என்பதில் எத்தனையோ ஊர்களில் சாதி குறுக்கே நின்று, திருவிழாக்களே நின்றுபோயிருக்கின்றன. ஊர்ப் பொது என்று நாம் சொல்லும்போது ஊர் என்பது எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சேலத்துக்குத் திரும்பினால், பிரித்துப்போடவே கட்டுகிற வேலையைத் தொழிற்சாலையாகவே நடத்திய இடம் ஏற்காடு சாலையில் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) இந்த நிறுவனத்தின் தயாரிப்பு. ‘மந்திரிகுமாரி’ (1950) இங்கே உருவானது. தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இவர்களுடையது. 1952-இல் ‘தி ஜங்கிள்’ என்று ஒரு ஆங்கிலப் படத்தையும் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்தார்கள். நூறுக்கு மேற்பட்ட படங்கள். அத்தனைக்கும் அரண்மனை, சிறைச்சாலை, குகை, கடைத்தெரு என்று தச்சர்களும் மோல்டிங்காரர்களும் பெயிண்டர்களும் செட் போட்டு, படம் முடிந்ததும் பிரித்து, அதே பலகையில் அடுத்த நாட்டு ராஜாவுக்கு வாசல் வைத்தார்கள். இப்போது அந்த வளாகத்தில் வீடுகள். சாலையோரத்தில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது, பேருந்தில் போகிறவர்கள் செல்போனில் படம் எடுக்க. பொய் அரண்மனைகளைக் கட்டிய நிறுவனத்தில் எஞ்சியது நிஜ வாசல் என்று எழுத எல்லாருக்கும் கை வரும். என் ஆதங்கம் வேறு. அந்தச் செட்டுகளைப் போட்ட கைகளின் பெயர்ப்பட்டியலைப் பார்க்க எனக்கு ஆசை. நடிகர், இயக்குநர், வசனகர்த்தா எல்லாரையும் ஊர் அறியும். பலகையைத் தட்டியவர்கள் படுகளத்தில் கோடு இழுத்தவர் மாதிரியே பெயரின்றிப் போனார்கள்.

அந்தக் கைத்தொழிலின் ரத்த உறவு ஒன்று ஆடி மாதத்தில் சேலம் நகருக்குள்ளேயே கிடைக்கும். குகை என்ற பகுதியின் மாரியம்மன் கோயில் திருவிழாவில் வண்டி வேடிக்கை. வண்டியை அட்டை, துணி, விளக்குகளால் தேவலோகமாக்கி, அதில் மனிதர்கள் சிவனாகவும் பார்வதியாகவும் நரசிம்மராகவும் வேடம் போட்டு அசையாமல் நின்று வீதி வருவார்கள். மெய்நடுக்கம் தெரியாமல் மணிக்கணக்கில் நிற்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு வண்டியில் விஷ்ணுவின் மேல் ஒரு கொசு உட்கார்ந்தது. கூட்டமே அவர் அடிப்பாரா என்று பார்த்தது. அடிக்கவில்லை. விடிந்ததும் அந்த வைகுண்டத்தைப் பிரித்து மூங்கிலை வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே ஒரு கலைஞர் இந்தச் சமவெளிக்கு வந்து பழைய கிணற்றிலோ மூடிக் கிடக்கும் டெண்டுக் கொட்டாய்த் திடலிலோ ஏதாவது செய்ய விரும்பினால், வரட்டும். எனக்கு அதில் மறுப்பில்லை. அந்தக் கவலைக் கிணற்றில் விளக்கு எரிவதைப் பார்க்க இன்னும் ஆசை இருக்கிறது. முதலில் பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைக்க வேண்டும். நான்கு பங்கும் ஒத்துவருவதே ஒரு சாதனை. வழக்கு வாபஸ் ஆனால் அதைவிடப் பெரிய கலை இல்லை. எந்தத் தேதியில் பிரிப்போம் என்பதைத் தொடங்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். பிரிக்கும்போது கயிறும் கம்பும் யாருக்கு என்பதையும். செலவில் ஒரு பகுதியாவது ஊர் போடவேண்டும். பணமாக இல்லாவிட்டால் டீசலாக, மண்ணாக, ஒருவேளைச் சோறாக. வெளியூர் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டால் ஊர் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடும்.

போக நினைப்பவர்களுக்கு. பண்ணவாடி, சேலம் மாவட்டம் கொளத்தூர் பக்கம்; மேட்டூரிலிருந்து பேருந்து உண்டு. கிளம்பும் முன் செய்தித்தாளில் அணை நீர்மட்டம் பாருங்கள். எண்பதுக்கு மேல் என்றால் பரிசலுக்கும் மீனுக்கும் மட்டும் போகலாம், அணைப்பக்கம் பொரித்துத் தரும் மீன் நன்றாகவே இருக்கும். எழுபதுக்குக் கீழே என்றால் நந்தி. வெயிலுக்கு முன் போய்விட வேண்டும், சேறு காயாத இடத்தில் கால் வைக்கக் கூடாது, விதைத்த வரப்பை மிதிக்கக் கூடாது. படுகளத்துக்கு முன்கூட்டிய தேதி எந்த இணையத்திலும் ஒழுங்காகக் கிடைக்காது. சித்திரை பிறந்ததும் ஆத்தூர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இல்லாவிட்டால் டீக்கடையில் எந்த ஊரில் பாரதம் நடக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். முந்தின நாள் மாலையே போய்விடுங்கள். விடிந்து போனால் முகம் இருக்காது. குகை வண்டி வேடிக்கைக்கு ஆடி. அன்று இரவு அந்த வட்டாரத்தில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம், நடந்துதான் வரவேண்டும்.